எபிசோட் 37: மலிவான கார்டுக்கு யார் விலை கொடுத்தது?

இந்த எபிசோட் 94 என்ற ஒரு நம்பரில் இருந்து ஆரம்பிக்குது.

வீட்டில் 500 எம்பிபிஎஸ் பிளான். மொபைலில், வைஃபையில் டெஸ்ட் பண்ணினா 400க்கு மேல காட்டுது. ஆனா ஒயர் போட்டு இணைச்ச டெஸ்க்டாப்பில் 94. காலையில 94, ராத்திரியும் 94. விஷயம் தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க, கொஞ்சம் பொறுங்க. கோடு எழுதிச் சம்பளம் வாங்குறவன் நான். மதர்போர்டில் இருக்கிற லேன் போர்ட் அவுட்டுன்னு நானே முடிவு கட்டிட்டு, தனியா ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கத் தேட ஆரம்பிச்சேன்.

தேடும்போது ஒண்ணு கண்ணில் பட்டுச்சு. பெட்டி மேல ஆளுக்கொரு கம்பெனி பேரு. ஆனா போட்டோவைப் பெருசாக்கி கார்டு நடுவில் இருக்கிற சிப்பைப் பார்த்தா, விலை கம்மியான கார்டுகளில் முக்கால்வாசி ஒரே சிப். நண்டு படம் போட்ட ரியல்டெக். ஏன் எல்லாரும் ஒரே நண்டைப் பிடிச்சுத் தொங்குறாங்கன்னு பார்க்கப் போய், ரெண்டு வாரம் ராத்திரித் தூக்கம் போச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ. அங்கே ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம், சுருக்கமா பார்க். 1970களின் தொடக்கத்தில் அங்கே ஆல்டோ என்ற கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதே அப்போது விசித்திரமான யோசனை. பக்கத்து அறையில் லேசர் பிரிண்டர் தயாராகிக்கொண்டிருந்தது. எல்லா ஆல்டோவையும் அந்தப் பிரிண்டரோடும் ஒன்றோடு ஒன்றும் இணைக்க வேண்டும். அந்த வேலை பாப் மெட்காஃப் என்ற இளைஞரிடம் வந்தது. 1973 மே 22ஆம் தேதி அவர் எழுதிய உள் குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் ரேடியோ அலையில் ஓடிய அலோஹாநெட்தான் அவருக்குத் தூண்டுதல். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசலாம், ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் கொஞ்சம் காத்திருந்து திரும்பப் பேசலாம். அதையே ஒரு கேபிளுக்குள் கொண்டுவந்தார். ஹார்டுவேரை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் டேவிட் பாக்ஸ்.

அந்த முதல் ஈதர்நெட்டின் வேகம் 2.94 எம்பிபிஎஸ். (இங்கேயும் 94 வருது, தற்செயல்தான்.) ஏன் ரவுண்டா 3 இல்லை? ஆல்டோவின் கடிகாரத் துடிப்பு 170 நானோசெகண்ட். ஒரு பிட்டுக்கு ரெண்டு துடிப்பு, அதாவது 340 நானோசெகண்ட். கணக்குப் போட்டா நொடிக்கு 29.4 லட்சம் பிட். நெட்வொர்க் போர்டுக்குன்னு தனிக் கடிகாரம் வைக்காம, கம்ப்யூட்டரின் கடிகாரத்தையே கடன் வாங்கிட்டாங்க. அதோட விடல, நெட்வொர்க் வேலையில் ஒரு பங்கை ஆல்டோவின் பிராசஸரே மைக்ரோகோட் வழியாகச் செய்தது. இதை மனசில் வைங்க. கார்டில் எதைச் செய்வது, எதைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுவது என்ற இந்தப் பேரம் முதல் நாளே ஆரம்பிச்சாச்சு.

மெட்காஃப் வெளியே வந்து 1979இல் த்ரீகாம் கம்பெனியைத் தொடங்கினார். 1980இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டை எல்லாரும் பயன்படுத்தும் தரமாக வெளியிட்டன. 1981இல் ஐபிஎம் பிசி வந்தது. அடுத்த வருஷமே த்ரீகாம் அந்தப் பிசிக்கு ஈதர்லிங்க் என்ற கார்டை விற்றது. விலை 950 டாலர். அந்தப் பிசியின் ஆரம்ப விலையே 1,565 டாலர்தான். வண்டி விலையில் பாதிக்கு மேல கொடுத்து ஹார்ன் வாங்குற மாதிரி!

ஆனாலும் ஈதர்லிங்க் செலவைக் குறைத்த கார்டுதான். அதுவரை ஈதர்நெட் என்றால் விரல் தடிமனில் ஒரு கேபிள், அதைத் துளைத்துச் செருகும் டிரான்ஸ்சீவர் பெட்டி, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு இன்னொரு கேபிள். ஈதர்லிங்க் அந்த டிரான்ஸ்சீவரைக் கார்டுக்குள்ளேயே வைத்து, டிவி கேபிள் மாதிரி மெல்லிய ஒயரில் வேலையை முடித்தது. ஒவ்வொரு பிசி பின்னாலும் ஒரு டி வடிவ கனெக்டர், ரெண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது மேஜையை நகர்த்தி ஒரு முனை கழன்றால் அந்த வரிசை முழுக்கப் படுத்துவிடும். கோயில் கொடைக்குப் போடுற சீரியல் செட்டில் ஒரு பல்பு போன கதைதான்.

இப்போது கதையின் நாயகன். சொல்லப்போனா நாயகன்னு சொல்ல எந்தத் தகுதியும் இல்லாத ஒரு கார்டு.

நாவெல் கம்பெனி நெட்வேர் என்ற சர்வர் மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தது. கார்டு விலை அதிகமாக இருந்தால் நெட்வேர் விற்காது. அதனால் 1980களின் பிற்பகுதியில் அவர்களே என்இ1000, என்இ2000 என்று மலிவு கார்டுகளைக் கொண்டுவந்தார்கள். நேஷனல் செமிகண்டக்டரின் 8390 என்ற சிப், பாக்கெட்டைத் தற்காலிகமாக வைக்க 16 கேபி மெமரி, அவ்வளவுதான் என்இ2000. பெரும்பாலும் சிப் கம்பெனி கொடுத்த மாதிரி வடிவமைப்பை ஒட்டியது. ரகசியம் எதுவும் இல்லாததால் யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். அடித்தார்கள். சந்தை முழுக்க "என்இ2000 கம்பேட்டிபிள்" கார்டுகள்.

இந்தக் கார்டு எப்படி வேலை செஞ்சதுன்னு ஹோட்டலை வைச்சுச் சொல்றேன். நல்ல கார்டு, சர்வர் வச்ச ஹோட்டல். வந்த பாக்கெட்டை அதுவே மெயின் மெமரிக்குக் கொண்டுபோய் வைக்கும், பிராசஸர் தன் வேலையைப் பார்க்கலாம். என்இ2000 செல்ஃப் சர்வீஸ். பாக்கெட் கவுன்டரில் இருக்கும். பிராசஸரே எழுந்து போய், ரெண்டு ரெண்டு பைட்டாக அள்ளிக்கொண்டு வரணும். மெதுவா இருக்கும். ஆனா விலை?

அதைப் பொருத்துறதும் லேசில்ல. அப்போதைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் கம்ப்யூட்டர் தானாக எதையும் கண்டுபிடிக்காது. கார்டு எந்த முகவரியில் பேசும், எந்த ஐஆர்க்யூவில் மணி அடிக்கும் என்று குட்டி ஜம்பர்களை இடம் மாற்றி மாற்றி நீங்கதான் சொல்லணும். என்இ2000க்கு வழக்கமான அமைப்பு முகவரி ஹெக்ஸ் 300, ஐஆர்க்யூ 3. பிரச்சினை என்னன்னா, ஐஆர்க்யூ 3 ஏற்கெனவே ரெண்டாவது சீரியல் போர்ட்டோடது. அங்கே மோடம் இருந்தா ரெண்டும் அடிச்சுக்கும். சரி, 5க்கு மாத்தலாம்னா அங்கே சவுண்ட் பிளாஸ்டர் உட்கார்ந்திருக்கும்.

இந்த இடத்தில் டொனால்ட் பெக்கர் வருகிறார். 1990களின் தொடக்கத்தில் லினக்ஸ் கைக்குழந்தை. அதை ஓட்டிப் பார்த்த மாணவர்கள் பலரின் பெட்டிக்குள் இருந்தது இந்த மாதிரி மலிவு கார்டுதான். பெக்கர் அதற்கு டிரைவர் எழுதினார். த்ரீகாம் கார்டுகளுக்கு எழுதினார், வரிசையாக இன்னும் பலவற்றுக்கும் எழுதினார். என்இ2000 டிரைவரின் மூலக்கோடு லினக்ஸில் எல்லாரும் படிக்கும்படி இருக்கிறது. நான் உட்கார்ந்து படிச்சேன். அதன் காப்புரிமை வரியில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சியின் பெயர் இருக்கு! பெக்கர் முதலில் அரசுக்கான சூப்பர் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்ததால் வந்தது அது.

அந்தக் கோடில் என்னை நிறுத்தின இடம் வேற. ஒரிஜினல் என்இ2000இன் ஓரத்தில் ஒரு குட்டி அடையாளம் உண்டு, ஹெக்ஸ் 57 என்ற எண் ரெண்டு முறை. டிரைவர் அதைத் தேடித்தான் "இது நம்ம கார்டு" என்று முடிவு செய்யும். காப்பியடித்தவர்களில் சிலர் அதைக்கூட ஒழுங்காகக் காப்பியடிக்கவில்லை. அதனால் டிரைவருக்குள் "மோசமான குளோன்கள்" என்று பெயரிட்டு ஒரு தனிப் பட்டியலே இருக்கு. கார்டு கம்பெனி மிச்சம் பிடிச்ச வேலை, டிரைவரில் ஒவ்வொரு விதிவிலக்கா வந்து உட்கார்ந்திருக்கு. கார்டு வாங்கினவங்க அதுக்குக் காசு தரல. முகம் தெரியாத ஒருத்தர் ராத்திரி கண் முழிச்சுத் தந்திருக்கார்.

அந்த டிரைவர்களால் ஒன்று நடந்தது. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் பெக்கரும் 16 சாதாரண 486 பிசிக்களை ஈதர்நெட்டில் இணைத்து, பேவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். 10 எம்பிபிஎஸ் போதவில்லை. பெக்கர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பிசிக்கும் ரெண்டு ஈதர்நெட் இணைப்பு கொடுத்து, டிரைவரை மாற்றி, போக்குவரத்தை ரெண்டுக்கும் பிரித்துவிட்டார். சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் கோடிக்கணக்கில் என்றிருந்த காலத்தில், கடைச்சரக்கை வைத்து அந்த வேலை.

மற்றதை வேகமா சொல்லிடறேன். ஐபிஎம் தள்ளிய டோக்கன் ரிங் ஒழுங்கானது, ஆனால் விலை அதிகம், தோற்றது. முறுக்குக் கம்பி வந்தது, பிசிஐ ஸ்லாட் வந்தது, ஜம்பர் ஒழிந்தது, 1995இல் 100 எம்பிபிஎஸ் தரம் வந்தது. அந்த 100இல் மலிவு ராஜா ரியல்டெக்கின் 8139. நம்ம நண்டு! இது பாக்கெட்டை மெயின் மெமரிக்குத் தானே கொண்டுவரும். ஆனா எல்லாத்தையும் ஒரே குண்டானில் கொட்டும். அங்கிருந்து தட்டுக்கு மாத்துற வேலை திரும்பவும் பிராசஸருக்குத்தான். ஃப்ரீபிஎஸ்டியில் இதுக்கு டிரைவர் எழுதின பில் பால், கோடுக்குள்ளேயே கமென்ட் போட்டு அந்தச் சிப்பைத் திட்டித் தீர்த்திருக்கார். திட்டிக்கிட்டே நல்ல டிரைவரையும் எழுதிக் கொடுத்திருக்கார். அப்புறம் பிராசஸர் வேகம் ஏற, ஒரு நகல் எடுக்கிற செலவு யாருக்கும் உறைக்கல. சிப் மதர்போர்டுக்கே குடிபோச்சு.

இப்போ என் கார்டுக்கு வரேன். இந்தக் கதையெல்லாம் படிச்சதால பெட்டிப் பேரைப் பார்க்கல, சிப் நம்பரைப் பார்த்தேன். ரியல்டெக் 8168, லினக்ஸில் ஆர்8169 என்ற டிரைவர் ஏற்கெனவே இருக்கு. நீங்க 2.5 ஜிபிபிஎஸ் கார்டு வாங்கறதா இருந்தா ஸ்லாட்டையும் பாருங்க. முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒற்றை லேனில் ஒரு திசைக்கு 2 ஜிபிபிஎஸ்தான் போகும், கார்டு முழு வேகம் எடுக்காது. ரெண்டாம் தலைமுறை இருந்தால் போதும். சின்ன கேபினெட்டுன்னா குட்டை பிராக்கெட் கூட வருதான்னு பாருங்க. விண்டோஸ்காரங்க டிரைவரை முன்னாடியே பென் டிரைவில் எடுத்து வைங்க. நெட்வொர்க் கார்டு டிரைவரை இறக்க நெட்வொர்க் வேணும்கிற சிக்கல் இன்னும் தீரல. மறந்துட்டா போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் பண்ணிக்கலாம்.

பவர் கார்டைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை நேரா அழுத்தி, ஸ்க்ரூ போட்டேன். பத்து நிமிஷம். எந்த ஜம்பரும் இல்ல. ஆன் பண்ணினேன், கார்டு உடனே வந்துடுச்சு. ஸ்பீட் டெஸ்ட் போட்டேன்.

94.

அப்பதான் இத்ட்டூல் கமாண்ட் போட்டுப் பார்த்தேன். லிங்க் வேகம் 100 எம்பிபிஎஸ். ஹெட்டர் செலவெல்லாம் போக 100இல் கையில் நிக்கிறது சுமார் 94. ஜிகாபிட்டுக்கு கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும். கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த என் கேபிளில் ஏதோ ஒரு ஜோடி போயிருக்கு. பழைய போர்ட், புதுக் கார்டு, ரெண்டுமே ஒண்ணும் சொல்லாம 100க்கு இறங்கிடுச்சு. கேபிளை மாத்தினேன், 480க்கு மேல வந்துச்சு. கார்டைக் கழற்றிட்டுப் பழைய போர்ட்டிலேயே செருகினேன். அதுவும் 480.

கார்டு இப்போ ஊரில் அப்பாவோட பழைய டெஸ்க்டாப்பில் இருக்கு. அங்கே ரவுட்டரில் இருக்கிறதே 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். டெஸ்ட் பண்ணிட்டு போன் பண்ணினார். "டேய், 94 காட்டுதுடா, நல்லா போகுது."