சபையில் யாரை அமர்த்துவது?

ஆய்வு நிறுவனமொன்றை எடைபோட, அதன் வெளியீடுகளுக்கு முன்னர் பணிப்பாளர் சபையின் பெயர்ப்பட்டியலைப் பார்ப்பது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். நண்பர்களும் நன்கொடையாளர்களுமே அதிற் பெரும்பாலும் இருப்பர்.

1920இல் நியூயோர்க்கில் தோன்றிய தேசிய பொருளாதார ஆய்வுப் பணியகம் வேறு வழியிற் சென்றது. தொடக்கிவைத்த இருவருமே எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள். மல்கம் றோர்ட்டி தொலைபேசிக் கம்பனி அதிகாரி, பழைமைவாதி. நாகும் ஸ்ரோன் சோசலிசவாதி. மார்க்ஸின் நூலொன்றை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். நாட்டின் வருமானம் எவ்வளவு, அது யார் யாருக்குப் போகின்றது என்பதை அறியாமல் வாதிடுவதிற் பயனில்லை என்பதில் மாத்திரம் இருவரும் உடன்பட்டனர்.

ஆகவே பணிப்பாளர் அனைவரையும் தாமே பொறுக்கியெடுக்காமல், சில இடங்களுக்கு ஆளை நியமிக்கும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கும் வங்கியாளர் சங்கத்துக்கும் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் வழங்கினர். ஆய்வு அச்சேறுமுன் பணிப்பாளர்களின் பார்வைக்குச் செல்லவேண்டும். உடன்படாதவர் தமது மறுப்பை அந்நூலிலேயே பதிப்பிக்கலாம். கொள்கைப் பரிந்துரை கூடாது என்பதும் விதி. வங்கியாளரும் தொழிற்சங்கவாதியும் ஒரே மேசையிலிருந்து ஒரே எண்ணை ஏற்பதென்பது இலேசான காரியமா?

1909 முதல் 1919 வரையான அமெரிக்க வருமானம் பற்றிய முதல் நூல் 1921இல் வெளிவந்தது. பெருமந்த காலத்தில் செனற் சபை தேசிய வருமானக் கணக்கைக் கேட்டபோது, வர்த்தகத் திணைக்களத்துக்காக 1934இல் அதனைத் தயாரித்தளித்தவர் இப்பணியகத்தின் சைமன் குஸ்நெற்ஸ்.