குதிரைக் கணக்கும் பவுண்டு கணக்கும்

ஹெச்.பி. என்ற சொல் நம் வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. கிணற்றில் அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஓடுகிறது என்பார்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் இருபது, முப்பது என்று பேசுவார்கள். ஆனால் படகில் மாட்டும் சிறிய மின்மோட்டாரை விற்பவர்கள் மட்டும் ஹெச்.பி. சொல்வதில்லை. "55 பவுண்டு", "80 பவுண்டு" என்று பவுண்டில் சொல்கிறார்கள். ஒன்றைக் குதிரையிலும் மற்றதைப் பவுண்டிலும் சொன்னால் வாங்குகிறவன் எப்படி ஒப்பிடுவது? இந்த இரண்டு கணக்கும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலில் குதிரை. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட் 1780களில் தம் நீராவி இயந்திரத்தை விற்கக் கிளம்பினார். வாங்க வேண்டிய ஆலைக்காரர்கள் அதுவரை குதிரையைக் கட்டிச் செக்குப்போலச் சுற்றவிட்டு வேலை வாங்கியவர்கள். "உங்கள் இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்களுக்குப் புரிகிற கேள்வி. வாட் கணக்குப் போட்டார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு குதிரை மணிக்கு 144 சுற்று வருகிறது. அதன் இழுப்பு 180 பவுண்டு. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என்று முழுமையாக்கினார். அதுதான் ஒரு குதிரைத்திறன். பின்னாளில் அவர் பெயரையே மின்சாரத்துக்கு அலகாக வைத்தபோது ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட் ஆனது. நம் அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஏறக்குறைய 3.7 கிலோவாட்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குதிரைக்குள்ளேயே பவுண்டு இருக்கிறது. 180 பவுண்டு என்பது இழுப்பு மட்டும். அந்த இழுப்போடு குதிரை எவ்வளவு வேகமாக நடந்தது என்பதையும் பெருக்கினால்தான் திறன். இழுப்பு வேறு, திறன் வேறு.

நம்மூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்கட்டை விழுந்து தேர் நின்றுவிட்டால் நூறு பேர் வடம் பிடித்து முக்கினாலும் தேர் நகராது. இழுப்பு இருக்கிறது, நகர்வு இல்லை. கணக்குப்படி செய்த வேலை பூஜ்யம். மாட்டு வண்டிப் பந்தயத்திலும் அப்படித்தான். உழவுமாடு மெதுவாகப் போனாலும் சேற்றில் கலப்பையை இழுத்துவிடும். பந்தய மாடு பறக்கும், ஆனால் பாரம் ஏற்றினால் நின்றுவிடும். இரண்டுக்கும் திறன் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று அதை இழுப்பாகக் கொடுக்கிறது, மற்றது வேகமாகக் கொடுக்கிறது.

கமலை இறைத்த காலம் நினைவிருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 150 லிட்டர் கொள்ளும் சால், 8 மீட்டர் ஆழம், நிமிடத்துக்கு ஒரு சால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி மாடு கொடுக்கும் திறன் 200 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது கால் ஹெச்.பி.! அஞ்சு ஹெச்.பி. மோட்டார் வந்தபோது கிணற்றடியில் எவ்வளவு பெரிய மாற்றம் நடந்தது என்பது இதிலேயே தெரியும்.

இனிப் படகுக்கு வருவோம். மின்சாரப் படகு புதிய சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். 1838-லேயே மோரிட்ஸ் யாக்கோபி என்ற அறிஞர் ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரின் நேவா ஆற்றில் பேட்டரியால் படகு ஓட்டிக் காட்டினார். பத்துப் பேருக்கு மேல் ஏறிய அந்தப் படகு, மெல்ல நடக்கிற மனிதனின் வேகத்தில் போயிற்று. அதன் மோட்டாரின் திறன் ஒரு ஹெச்.பி.கூட இல்லை. 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டாரைப் படகின் பின்புறம் பொருத்தி ஸேன் ஆற்றில் ஓட்டினார். ஆக, இன்று நம் கடற்கரையில் படகின் பின்னால் தொங்கும் வெளிப்பொருத்து எஞ்சினுக்கு முன்னோடிகளில் ஒன்று மின்சாரத்தில் ஓடியது.

ஆனால் பெட்ரோல் வந்ததும் மின்சாரம் பின்தங்கியது. 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த வெளிப்பொருத்து எஞ்சின் ஒன்றரை ஹெச்.பி. தான், எடை 62 பவுண்டு. இருந்தும் அது பிடித்துக்கொண்டது. காரணம் எஞ்சின் அல்ல, எரிபொருள். ஒரு லிட்டர் எண்ணெயில் அடங்கியிருக்கும் சக்தியைப் பேட்டரியில் அடைக்க வேண்டுமென்றால் சுமை தாங்காது.

பவுண்டு கணக்கு வந்த வழி வேறு. 1934-ல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, தண்டும் விசிறியும் மாட்டி ஏரியில் தூண்டில் போடுகிறவர்களுக்காக ஒரு மோட்டார் செய்தார். அதற்கு எங்கும் ஓடிப்போகிற வேலை இல்லை. காற்று தள்ளாமல் படகை ஓரிடத்தில் நிறுத்தவும், சத்தமில்லாமல் மெல்ல நகர்த்தவும் வேண்டும். அந்த வேலைக்கு இழுப்புதான் சரியான அளவு. படகைக் கரையில் கம்பத்தோடு கட்டி, நடுவில் ஸ்பிரிங் தராசு வைத்து, மோட்டாரை முழுதாக ஓடவிட்டால் தராசு காட்டுவதுதான் அந்தப் பவுண்டு. துறைமுகத்தில் பெரிய கப்பலை இழுக்கும் இழுவைக் கப்பலையும் இப்படிக் கட்டிவைத்துத்தான் அளக்கிறார்கள்; அங்கே கணக்கு டன்னில். ஆகவே பவுண்டு கணக்கு ஏமாற்று அல்ல. ஆனால் முக்கால் ஹெச்.பி. என்று சொல்வதைவிட 55 பவுண்டு என்று சொன்னால் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது என்பதும் உண்மை.

இதை நான் எழுதக் காரணம், தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருக்கும் நண்பரின் மகன். சில மாதங்களுக்கு முன் போனில், "மாமா, எட்டு ஹெச்.பி. எஞ்சினைக் கொடுத்துட்டு 55 பவுண்டு மின்மோட்டார் வாங்கிக்கச் சொல்றாங்க. எண்ணெய்ச் செலவே இல்லையாம். நகையை வைக்கலாமான்னு பாக்குறேன்" என்றார். மின் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டார். ஒரு தாளில் கணக்குப் போட்டு அனுப்பினேன்.

55 பவுண்டு என்பது 25 கிலோ இழுப்பு. அத்தகைய மோட்டார் 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர் எடுக்கும், அதாவது 600 வாட். முக்கால் ஹெச்.பி.க்குச் சற்று மேல். படகு மணிக்கு 5 கிலோமீட்டர் போகும்போது 25 கிலோ இழுப்பும் குறையாமல் கிடைத்தால்கூட, தண்ணீரில் சேரும் திறன் 340 வாட், அரை ஹெச்.பி.கூட இல்லை. எட்டு ஹெச்.பி. எஞ்சினோ தன் தண்டில் 6,000 வாட் கொடுக்கிறது.

சரி, 6,000 வாட் மின்மோட்டாரே வாங்கினால்? முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட ஆறு யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிட். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும். ஆக ஒரு மணி நேரத்துக்குப் பத்து பேட்டரி. ஒன்று 30 கிலோ என்றால் 300 கிலோ. அதே வேலைக்கு எஞ்சின் குடிப்பது மூன்று லிட்டர் அளவு எண்ணெய். லித்தியம் பேட்டரி என்றால் எடை 80, 90 கிலோவாகக் குறையும், விலை ஏறும். அலையிலும் எதிர்க்காற்றிலும் கரை திரும்ப வேண்டியவனுக்கு இது உயிர்க் கணக்கு. அவர் நகையை வைக்கவில்லை.

இதனால் மின்படகே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இடம் பார்த்துச் செய்தால் அது ஜெயிக்கும். பெரியார் போராடிய வைக்கம் நமக்குத் தெரிந்த ஊர். அங்கிருந்து காயலைக் கடந்து தவணக்கடவுக்கு, 2017 ஜனவரி முதல் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியில் உருவானது. 75 பேர் உட்காரலாம். இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 20 கிலோவாட். சேர்த்தால் 54 ஹெச்.பி. கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், உள்ளே 700 கிலோ எடையுள்ள லித்தியம் பேட்டரி.

அது ஜெயித்ததற்கு மூன்று காரணம். ஒன்று, குறைந்த தூரம்; போய்ச் சேர்ந்ததும் கரை. இரண்டு, இரட்டை உடல் அமைப்பு. தண்ணீரின் தடை குறைவு. அந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று பெயர். நம் கட்டுமரம்தான் அப்படித் திரிந்து போயிருக்கிறது. மூன்று, நிதானமான வேகம். தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் வேண்டிய திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகும். பாதி வேகத்தில் போனால் எட்டில் ஒரு பங்கு போதும். இந்த விதியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் மின்படகு பிழைக்கிறது.

எனவே குளம், ஏரி, பிச்சாவரம் போன்ற அமைதியான கழிமுகம், சிறு படகு, மெதுவான பயணம் என்றால் பவுண்டு மோட்டார் நல்ல துணை. சத்தமில்லை, புகையில்லை. கடலுக்குப் போகிற தொழிற்படகு என்றால் நிலைமை வேறு.

வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பவுண்டு சொன்னால், "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். வாட்டை 746-ஆல் வகுத்தால் ஹெச்.பி. கிடைக்கும். பிறகு, "இந்தப் பேட்டரியில் முழு வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம்.