ஒட்டாத சிமென்ட்

பல்லுக்கு கேப் போடும் தொழிலில் ஏறத்தாழ நூறு வருஷம் கோலோச்சிய சிமென்ட் பல்லில் ஒட்டாது. கேப்பிலும் ஒட்டாது. துத்தநாக பாஸ்பேட் என்று பெயர். துத்தநாக ஆக்சைடு பொடியை பாஸ்பாரிக் அமிலத் திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் குழைப்பார்கள். குழைக்கக் குழைய சூடு கிளம்பும். பொடியை மொத்தமாகக் கொட்டினால் கேப்பை மாட்டுவதற்குள் இறுகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த இந்தச் சரக்கு இன்றும் முழுசாக ஓய்வு பெறவில்லை.

ஒட்டாத ஒன்று எப்படி இத்தனை காலம் பிடித்து வைத்தது? வீட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பசை எதுவும் கிடையாது. சுவர்கள் கிட்டத்தட்ட செங்குத்தாக, நெருக்கமாக இருப்பதுதான் காரணம். பழைய கேப்பும் அப்படித்தான் நின்றது. சிமென்ட்டின் வேலை, நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியை அடைத்து, இரண்டு பக்கச் சொரசொரப்பிலும் இறுகி, கேப் வழுகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

இதற்கு விலை கொடுத்தது பல். டம்ளர் மாதிரி சிக்க வேண்டுமென்றால் பல்லை டம்ளர் வடிவத்துக்குச் செதுக்க வேண்டும். சுவர்களின் சாய்வு சில டிகிரிகளைத் தாண்டக் கூடாது. கடைவாய்ப் பல் என்றால் செதுக்கிய பிறகு சுமார் 4 மில்லிமீட்டர் உயரமாவது மிஞ்ச வேண்டும். உயரம் போதவில்லை என்றால் ஈறை வெட்டி உயரம் தேடுவார்கள். சொத்தை எங்கே இருக்கிறது என்பதைவிட, சிமென்ட்டுக்கு என்ன வடிவம் வேண்டும் என்பதுதான் எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானித்தது. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துபோகின்றன. வெட்டியது திரும்பி வராது.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் பீங்கான் நுழைந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர், செதுக்கிய பல்லின்மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் படிய வைத்து, அதன்மேல் பீங்கானைச் சுட்டெடுக்கும் முறையை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய பீங்கான் உறைகள் பெயர் பெற்றிருந்தன. (1927இல் அட்லாண்டிக்கைத் தனியாக, எங்கும் இறங்காமல் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் இவருடைய மகள்வழிப் பேரன்.) அழகு என்றால் அப்படியொரு அழகு. ஆனால் உடைந்தது. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேலே கடிக்கும்போது கேப்பின் உட்புறம் இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கிறது. சிமென்ட் தொட்டுக்கொண்டு, ஆனால் பிடிக்காமல் இருக்கும் அதே இடத்தில்.

அந்த விரிசலுக்குத் தொழில் கண்ட பதில், உள்ளே உலோகத்தை வைப்பது. 1960களில் உலோகத்தின்மேல் பீங்கானைச் சுட்டு இணைக்கும் முறை காப்புரிமை பெற்றுப் பரவியது. உடைவது குறைந்தது. உலோகத்துக்கும் இடம் வேண்டும், அதை மறைக்கும் பூச்சுக்கும் இடம் வேண்டும், அதற்கும் மேலே பீங்கானுக்கும் இடம் வேண்டும். ஆக, இன்னும் கொஞ்சம் பல் போனது.

மாற்று வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1955இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனகோர் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தொழிற்சாலைகளில் உலோகத்துக்கு பெயின்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பார்கள், பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக. அதையே பல்லில் செய்தால் என்ன? 85 சதவீத அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினார். அதன்மேல் வைத்த அக்ரிலிக், சும்மா வைத்ததைவிடப் பல மடங்கு நேரம் நின்றது.

நம் கொத்தனார்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வழவழப்பான பழைய சுவரின்மேல் புதுப் பூச்சு நிற்காது. முதலில் கொத்திவிட வேண்டும். அமிலம் எனாமலைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கொத்திவிடுகிறது. அந்தக் குழிகளுக்குள் ரெசின் ஓடி, உறைந்து, ஆயிரக்கணக்கான வேர்களாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ரபேல் போவன் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ ரெசினுக்கு 1962இல் காப்புரிமை கிடைத்தது. அந்த ரெசினுக்குள் கண்ணாடி போன்ற துகள்களைப் பிணைத்து வைத்தது சைலேன் என்ற வேதிப்பொருள். அதுவும் இரவல்தான், கண்ணாடி இழைத் தொழிலிலிருந்து வந்தது. பல் மருத்துவத்தின் இந்த முக்கியமான திருப்பத்துக்கான கருவிகள் பெயின்ட் கடையிலும் ஃபைபர் கிளாஸ் பட்டறையிலும் ஏற்கெனவே இருந்தன. யாராவது எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பல்லின் பக்கம் கதவு திறந்தாயிற்று. பீங்கானின் பக்கம்? அதை அரிக்க பாஸ்பாரிக் போதாது, கண்ணாடியையே தின்னும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொல்லாத அமிலம். 1983இல் சிமன்சனும் கலாமியாவும், இந்த அமிலத்தால் அரித்த பீங்கானில் ரெசின் உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். பிறகு வரிசை தெளிவாகிவிட்டது. பீங்கானை அரி, சைலேன் தடவு. எனாமலை அரி, பிசின் தடவு. நடுவில் ரெசின் சிமென்ட். முதல் முறையாக ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாத சங்கிலி.

இதனால் கேப் கழலாமல் இருக்கும், சரி. பெரிய லாபம் அதுவல்ல. பாஸ்டனில் கென்னத் மாலமென்ட், டைகோர் என்ற வார்ப்புக் கண்ணாடிப் பீங்கானில் செய்த கேப்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்தார். சிலவற்றின் உட்புறம் அமிலத்தால் அரிக்கப்பட்டு ரெசினால் ஒட்டப்பட்டிருந்தது, சிலவற்றில் அரிப்பு இல்லை. 1999இல் வெளியான முடிவுகளின்படி, அரித்து ஒட்டியவை தெளிவாகவே அதிகம் பிழைத்தன. பொருள் அதேதான். மாறியது அது பல்லைச் சந்திக்கும் விதம். ரெசின் உட்புற நுண்குழிகளை நிரப்பி, விரிசல் தொடங்கும் இடத்தையே கட்டிப்போட்டு, கடியின் பாரத்தைப் பல்லுக்குக் கடத்தியது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழகின பாடம். இரண்டு பகுதிகளும் தனித்தனியே சரியாக ஓடும். சிக்கல் அவை சந்திக்கும் எல்லையில் உட்கார்ந்திருக்கும்.

எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. அது ஈரமானது. நுண்குழல்கள் நிறைந்தது, கொலாஜன் இழைகளால் ஆனது. அமிலம் வைத்தால் உள்ளிருக்கும் நரம்பு செத்துவிடும் என்று மேற்கில் பலரும் அஞ்சினார்கள். ஜப்பானில் தகாவோ ஃபுசயாமா 1979இல் துணிந்து டென்டினையும் சேர்த்தே அரித்தார். 1982இல் நோபுவோ நகபயாஷி, ரெசின் கொலாஜன் வலைக்குள் ஊறிக் கலந்து ஒரு கலப்பு அடுக்கை உண்டாக்குகிறது என்று காட்டினார். பல்லும் இல்லாத, பிசினும் இல்லாத ஒரு புது அடுக்கு. அந்த அடுக்குக்குள் ரெசின் போய்ச்சேராத கொலாஜன் இழைகள் மிஞ்சினால், பல்லுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் நொதிகள் விழித்து அவற்றை அரிக்கத் தொடங்கும். தண்ணீர் ரெசினைத் தளர்த்தும். ‘நிரந்தர’ சிமென்ட் என்று சொல்வது தற்காலிக சிமென்ட்டிலிருந்து பிரித்துக் காட்டத்தான்.

என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு பீங்கான் ஒட்டியபோது மருத்துவர் முதலில் ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டார். எச்சிலும் மூச்சின் ஈரமும் படக்கூடாதாம். துடைப்பது, அரிப்பது, கழுவுவது, உலர்த்துவது, தடவுவது என்று முக்கால் மணி நேரம். ஒட்டியது சில நிமிஷம். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடப்பவருக்கு இதெல்லாம் வீண் தாமதமாகத் தெரியும். கேப்பின் ஆயுள் பெரும்பாலும் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

இத்தனை தூரம் வந்தபின் ஜிர்கோனியா வந்தது. அதில் கண்ணாடிப் பகுதியே கிடையாது, அதனால் பீங்கானுக்குச் செய்யும் வழக்கமான அமில அரிப்பு அதனிடம் பலிக்காது. எளிதில் உடையாத அளவு வலுவானது. ஆகவே பல் உயரமாக, சரியான சாய்வில் இருந்தால் பழைய பாணி சிமென்ட்டே போதும். டம்ளர் தத்துவம் மறுபடி உயிர் பெற்றது. உயரம் போதாத இடத்தில் எம்டிபி என்ற மூலக்கூறு கைகொடுத்தது. ஜப்பானில் உருவான இதன் பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவைப் பிடிக்கும். மணல் போன்ற அலுமினாத் துகள்களால் ஊதிச் சொரசொரப்பாக்கி எம்டிபி கலந்த ரெசினால் ஒட்டினால், தண்ணீரில் ஊறிய பிறகும் பிடிப்பு நிற்கிறது என்று கெர்னும் வேக்னரும் 1998இல் காட்டினார்கள்.

இங்கேதான் விதி சிரிக்கிறது. எச்சிலில் பாஸ்பேட் இருக்கிறது. கேப்பை வாயில் வைத்து அளவு பார்த்தாலே அது ஜிர்கோனியாவில் போய் உட்கார்ந்து, எம்டிபிக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்கிறோம் என்று பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவினால் இன்னும் மோசம், அதுவும் பாஸ்பேட்தானே! 1955இல் கதவைத் திறந்த அதே அமிலம் இங்கே கதவை அடைக்கிறது. ஒரு பரப்புக்குப் பொருந்திய வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம்.

அதனால் கேப் போடப் போகிறவர் “எந்த கலர், எவ்வளவு ஆகும்” என்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பொருள், எதை வைத்து ஒட்டப்போகிறீர்கள்? ஒட்டித்தான் நிறுத்த முடியும் என்றால், கேப்புக்குப் பதிலாகச் சிதைந்த பகுதியை மட்டும் மூடும் சிறு பீங்கான் துண்டு போதுமா? எல்லாப் பல்லுக்கும் அது பொருந்தாது. ஈறுக்குக் கீழே போன சொத்தையில் ஈரத்தை அடக்க முடியாதபோது பழைய சிமென்ட்டும் நல்ல செதுக்கலும்தான் நியாயமான வழி. ஆனால் கேட்க வேண்டிய நேரம் அதுதான். டிரில் சுழல ஆரம்பித்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.