பிரச்சினைசார் கற்றல் (மருத்துவக் கல்வி)

பிரச்சினைசார் கற்றல் என்பது, மருத்துவ மாணவர்கள் ஒரு நோயாளியின் பிரச்சினையை முதலில் எதிர்கொண்டு, அதைத் தீர்ப்பதற்குத் தேவையான அறிவைத் தாமே தேடிப் பெறும் கல்விமுறை ஆகும். வழக்கமான முறையில் உடற்கூற்றியல், உடலியங்கியல், மருந்தியல் முதலிய பாடங்கள் தனித்தனி விரிவுரைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. நோயாளியைப் பற்றிய கல்வி பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றது. பிரச்சினைசார் கற்றலில் இவ்வரிசை மாறுகின்றது. நோயின் பெயரைக் கண்டறிவதுடன் இக்கல்வி நின்றுவிடுவதில்லை. எதை முதலில் செய்வது, எந்த மருந்தைத் தவிர்ப்பது, எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, குடும்பத்தினரிடம் என்ன கூறுவது ஆகியவற்றைத் தீர்மானிக்கும் நோயாளி மேலாண்மைத் திறனை வளர்ப்பதும் இதன் நோக்கம் ஆகும்.

வரலாறு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, 1969 ஆம் ஆண்டு தனது முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இம்முறையைப் பின்பற்றத் தொடங்கியது. இதனை வளர்த்தெடுத்தவர்களுள் நரம்பியல் மருத்துவரான ஹோவர்ட் பரோஸ் குறிப்பிடத்தக்கவர். நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மாணவர்களைப் பயிற்றும் முறையையும் இவர் 1963 இல் அறிமுகப்படுத்தியிருந்தார். பின்னர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் (1974), ஆஸ்திரேலியாவின் நியூகாசில் (1978) ஆகிய இடங்களின் மருத்துவப் பள்ளிகள் இம்முறையை ஏற்றன. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி 1985 இல் விரிவுரைகளையும் இம்முறையையும் இணைத்த புதிய பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

கற்கும் முறை

பொதுவாக ஆறு முதல் பத்து மாணவர்கள் ஒரு குழுவாக அமர்வர். ஆசிரியர் வழிநடத்துநராக இருப்பார். விடையைக் கூறாமல் வினாக்களால் குழுவை நகர்த்துவார். மாஸ்ட்ரிக்டில் உருவான ஏழு படிநிலைகள் பரவலாகப் பயன்படுகின்றன:

1. புரியாத சொற்களைத் தெளிவுபடுத்துதல்
2. பிரச்சினையை வரையறுத்தல்
3. ஏற்கெனவே அறிந்தவற்றைக் கொண்டு காரணங்களை ஊகித்தல்
4. ஊகங்களை ஒழுங்குபடுத்துதல்
5. இன்னும் கற்க வேண்டியவற்றைப் பட்டியலிடுதல்
6. தனித்தனியாகத் தேடிக் கற்றல்
7. மீண்டும் கூடிக் கற்றதைப் பிரச்சினையில் பொருத்திப் பார்த்தல்

ஐந்தாம் படிநிலை வரை முதல் அமர்விலும், ஏழாம் படிநிலை சில நாட்கள் கழித்து இரண்டாம் அமர்விலும் நடைபெறும்.

எடுத்துக்காட்டு: கரிசல் நிலப் பிரச்சினை

ஒரு பிரச்சினை, மாணவர் பிற்காலத்தில் பணிபுரியக்கூடிய ஊரின் நோய்களை ஒட்டி அமைவது சிறப்பு. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரி நிலம் ஆகும். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் போன்ற பயிர்களும் தீப்பெட்டித் தொழிலும் இப்பகுதி மக்களின் பிழைப்பாக உள்ளன. எனவே பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி நச்சு, தீக்காயம் ஆகியவை இங்குப் பணிபுரியும் மருத்துவர் எதிர்பார்க்க வேண்டியவை. விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கற்பனைப் பிரச்சினை ஒன்று பின்வருமாறு:

"கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளி, முந்தைய நாள் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு இரவில் தரையில் பாய் விரித்து உறங்கினார். விடியற்காலையில் வயிற்றுவலியும் வாந்தியும் ஏற்பட்டன. காலை ஏழு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்து வரப்பட்டபோது, 'கண்ணைத் திறக்க முடியலை' என்றார். உடலில் காயம் எதுவும் தென்படவில்லை."

வயிற்றுவலியை மட்டும் கருதும் மாணவர் உணவு நஞ்சு என்பார். மருந்து அடித்த செய்தியைக் கருதுபவர் கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி நச்சு என்பார். தரையில் உறங்கியதையும் இமைகள் தாழ்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்ப்பவர் கட்டுவிரியன் கடியை நினைப்பார். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ கடித்தடமோ இல்லாமலும் இருக்கலாம்.

இவ்விரு நச்சுகளுமே நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகின்றன. பூச்சிக்கொல்லி, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால் அசிட்டைல்கோலின் தேங்குகின்றது. கண்மணி சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும். கட்டுவிரியன் நஞ்சோ அசிட்டைல்கோலினை வெளியிடும் நரம்பு முனைகளையே சிதைக்கின்றது. கண்மணி சுருங்குவதில்லை, இமையில் தொடங்கும் தளர்ச்சி மூச்சுத்தசைகள் வரை பரவும். பாம்புக்கடியில் சோதித்துப் பார்க்கப்படும் நியோஸ்டிக்மின் மருந்து, பூச்சிக்கொல்லியைப் போன்றே அந்நொதியைத் தடுப்பதாகும். ஆகவே நோயைத் தவறாகக் கணித்து இதனைக் கொடுத்தால் பூச்சிக்கொல்லி நச்சு மேலும் கடுமையாகும். உடலியங்கியலும் மருந்தியலும் ஏன் தேவை என்பதை மாணவர் இவ்விடத்தில் உணர்கின்றார்.

அடுத்து மேலாண்மை வினாக்கள் எழுகின்றன. ஒரே மூச்சில் எத்தனை எண்கள் எண்ண முடிகின்றது, கழுத்தைத் தூக்க முடிகின்றதா என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பாம்பு நஞ்சுமுறி மருந்து தொடங்கும் முன், ஒவ்வாமைக்கு எதிராக அட்ரினலின் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிதைந்த நரம்பு முனைகளை நஞ்சுமுறி மருந்து சரிசெய்யாது. அவை மீள்வதற்கு நாட்கள் ஆகும் என்பதால் செயற்கைச் சுவாசமே உயிர்காக்கும். எனவே நோயாளியைக் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புகையில், வழியில் மூச்சு நின்றால் யார் காற்றுப்பை அழுத்துவது என்பதும் விடை காண வேண்டிய வினாவாகும். கட்டிலில் கொசுவலைக்குள் உறங்குதல் போன்ற தடுப்பு முறைகள் சமூக மருத்துவப் பாடத்துடன் தொடர்புடையவை.

பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்க, நோயாளி தம் துன்பத்தைத் தமிழில் கூறுகின்றார். பிரச்சினையை நோயாளியின் சொற்களிலேயே எழுதுவது, அச்சொல்லிலிருந்து நோய்க்குறியை அறியும் பயிற்சியையும் தருகின்றது.

இந்தியாவில்

இந்தியாவில் முழுப் பாடத்திட்டமும் இம்முறையில் அமைவது வழக்கமில்லை. விரிவுரைகளுடன் கலந்தே பயன்படுகின்றது. இந்திய மருத்துவக் கழகம் 2019 இல் நடைமுறைப்படுத்திய தகுதிசார் பாடத்திட்டம், முதலாண்டிலேயே நோயாளியைச் சந்தித்தல், தற்சார்புக் கற்றல், பாடங்களை ஒருங்கிணைத்தல் ஆகியவற்றை வலியுறுத்தியது. மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான அதன் பயிற்சிகள் நோயாளிப் பிரச்சினைகளை ஒட்டிய கலந்துரையாடல்களாக வகுக்கப்பட்டன. 2020 இல் அக்கழகத்திற்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. மாணவர்கள் சிற்றூர்க் குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் 2022 இல் சேர்க்கப்பட்டது. கோவில்பட்டி வட்டாரத்தைச் சூழ்ந்துள்ள திருநெல்வேலி (1965), தூத்துக்குடி (2000), விருதுநகர் (2022) அரசு மருத்துவக் கல்லூரிகளும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை.

பயனும் விமர்சனமும்

1993 இல் வெளியான இரு தொகுப்பாய்வுகள், இம்முறையில் பயின்றோர் கல்வியை விரும்பிக் கற்றனர் என்றும், நோயாளியைக் கையாளும் திறனில் பிறருக்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருந்தனர் என்றும் காட்டின. ஆனால் அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில வேளைகளில் பின்தங்கினர். போதிய வழிகாட்டல் இன்றித் தொடக்கநிலை மாணவரைத் தேடவிடுவது பயனளிக்காது என்று 2006 இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் வாதிட்டனர்.

ஆசிரியர் எண்ணிக்கையும் ஒரு தடையாகும். ஆண்டுக்கு 150 மாணவர் சேரும் கல்லூரியில் குழுவுக்கு எட்டுப் பேர் எனில் 19 குழுக்களும், அதே எண்ணிக்கையில் பயிற்சி பெற்ற வழிநடத்துநர்களும் தேவை. தேர்வு மனப்பாடத்தையே அளவிடுமாயின் மாணவர் மனப்பாடத்திற்கே திரும்புவர். இதனால் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975 இல் அறிமுகப்படுத்திய, பல நிலையங்களில் செய்முறைத் திறனைச் சோதிக்கும் தேர்வு போன்ற முறைகள் இக்கல்வியுடன் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகின்றன.