உப்புத் தண்ணிக்குச் சட்டம் வந்த கதை

முசிறி விவசாயிக்கும் கடலோர இறால் பண்ணைக்கும் என்னங்க சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க ஊர்ல அகண்ட காவிரியா ஓடுற தண்ணிதான் முக்கொம்புல பிரிஞ்சு, காவிரியா பூம்புகார்லயும் கொள்ளிடமா பழையாறுலயும் கடல்ல சேருது. ஒரே ஆத்துல மேல இருக்கிற நாங்க, கடைமடைக்காரங்க பாடு என்னாச்சுன்னும் தெரிஞ்சுக்கணும் இல்லீங்களா.

1990-களின் தொடக்கத்துல நாகை, சீர்காழிப் பக்கம் கம்பெனிகள் வந்து நெல் வயலை வாங்கி இறால் குட்டை வெட்டினாங்க. ஏற்றுமதியில நல்ல காசு. குட்டைக்கு உப்புத் தண்ணியை மோட்டார் வச்சு ஏத்துவாங்க. மிஞ்சுன தீவனம், இறால் கழிவு, மருந்து எல்லாம் அதுலயே தங்கும். தண்ணி மாத்தும்போது அப்படியே வாய்க்கால்லயும் கழிமுகத்துலயும் திறந்துவிட்டாங்க. உப்பு கசிஞ்சு பக்கத்து வயலும் குடிதண்ணிக் கிணறும் கெட்டுச்சு. வயல் போனதும் நடவு, அறுப்பு வேலையும் போச்சு. முதல் அடி கூலிக்காரங்களுக்குத்தான்.

நிலமில்லாதவங்களுக்கு நிலம் வாங்கித் தந்துக்கிட்டிருந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் இதை எதிர்த்துப் போராடினாங்க. 1994-ல ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள, அதாவது கடல் ஏத்தம் தொடுற எல்லையிலருந்து 500 மீட்டருக்குள்ள, பாரம்பரிய முறை தவிர மத்த பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள்ள இடிக்கணும்; விளைநிலம், உப்பளம், ஊர்ப் பொது நிலத்தைக் குட்டையாக்கக் கூடாது; கெடுத்தவனே நஷ்டஈடு கட்டணும்னு சொல்லிச்சு. ஆனா மறுசீராய்வு மனு போட்டாங்க, இடிக்கிறது நின்னுபோச்சு.

2005-ல பார்லிமெண்ட் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்துச்சு. மண்டலக் கட்டுப்பாடு இறால் பண்ணைக்குப் பொருந்தாதுன்னு 1991-லருந்தே முன்தேதியிட்டு மாத்தினாங்க. 500 மீட்டர் 200 ஆச்சு. ஏற்கெனவே இருந்த பண்ணைக்கு அதுவும் இல்லை. ஆணையத்துல அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் பதிவு பண்ணணும். பதியாம நடத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், இல்லன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

இதுல அப்ப ஒரு ஓட்டை இருந்துச்சு பாருங்க. கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி 5 ஹெக்டேரும் அதுக்கு மேலயும் உள்ள பண்ணைக்குத்தான் கட்டாயம்னு வழிகாட்டுதல்ல வச்சாங்க. ரெண்டு ஹெக்டேர் பண்ணை பத்து, ஒரே வாய்க்கால்ல தண்ணி விட்டா 20 ஹெக்டேர் கழிவு. அந்த வழிகாட்டுதல்படி ஒருத்தருக்கும் தொட்டி கட்டாயமில்லாம இருந்துச்சு.

2023-ல மறுபடி திருத்தம். ஜெயிலை எடுத்துட்டுப் பணத் தண்டனை மட்டும் வச்சாங்க. பொரிப்பகம், கூண்டு வளர்ப்பு, கடல்பாசி எல்லாத்தையும் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. சின்னப் பண்ணைக்காரரை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாதுங்கிறது நியாயந்தான். ஆனா கம்பெனிக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

இறாலே வேணாம்னு நான் சொல்லலை. அதை நம்பியும் ஆயிரக்கணக்கான குடும்பம் இருக்கு. எனக்குப் படுறது ஒண்ணுதான். வழக்கைக் கொண்டுபோனது கிணறு உப்பானவங்க சார்பா. அப்புறம் வந்த சட்டத்துல பண்ணைக்காரருக்கும் ஆணையத்துக்கும்தான் பேச்சு. பதிவைப் புதுப்பிக்கும்போது பக்கத்து வயல்காரரையும், அந்தக் கிணத்துல தண்ணி எடுக்கிற பொம்பளைங்களையும் கிராமசபையில கூப்பிட்டுக் கேக்கணும். அவங்க கிணத்துத் தண்ணியை வருஷா வருஷம் சோதிச்சு, உப்பு ஏறியிருந்தா பதிவை நிறுத்தணும்.