வயிறு எரியுதா? நாக்கை நீட்டச் சொல்லும் சீன மருத்துவம்... ஏன் தெரியுமா?

இரைப்பையின் உட்சுவர் புண்பட்டு வீங்குவதுதான் இரைப்பை அழற்சி. சீனப் பாரம்பரிய மருத்துவம் இதை 'வெய் வான் துங்', அதாவது மேல்வயிற்று வலி என்ற பிரிவில் வைத்துப் பார்க்கிறது. நோயின் பெயரைவிட, வலி எப்படிப்பட்டது என்பதுதான் அங்கே முக்கியம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நாக்கைப் பார்ப்பார்கள், நாடி பிடிப்பார்கள்.

* வெப்பம்: எரிச்சல், தாகம், வாய் நாற்றம். நாக்கு சிவந்து மஞ்சள் படிந்திருக்கும்.
* குளிர்ச்சி: மந்தமான வலி. சூடா ஏதாவது குடிச்சா இதமா இருக்கும். நாக்கு வெளிறியிருக்கும்.
* மன அழுத்தம்: கோபப்பட்டால் வலி கூடும். ஏப்பம் வரும், விலாப் பக்கம் இறுக்கும். கல்லீரலின் ஆற்றல் தடைபட்டு இரைப்பையைத் தாக்குவதாகச் சொல்கிறார்கள்.

அதனால்தான் ஒரே நோய்க்கு ஆளுக்கொரு மருந்து. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மூலிகை உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்ன?

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இந்த அழற்சிக்கு முக்கியக் காரணம். இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அடிக்கடி போடும் வலி மாத்திரையும் இரைப்பையைப் புண்ணாக்கும்.

கிருமி இருக்கா, இல்லையா என்பதை நாக்கு சொல்லாது. மூச்சு, மலப் பரிசோதனை அல்லது எண்டோஸ்கோபி வேண்டும். சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே எண்டோஸ்கோபி செய்கிறார்கள். கிருமி உறுதியானால் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை முழுசா சாப்பிட்டு முடிக்கணும்.

மலம் தார் போலக் கறுப்பா போகுதா? வாந்தியில் ரத்தமா? கஷாயம் தேடாதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போங்க.