அண்ணா போன ஆஸ்பத்திரியும் பெரியப்பாவின் ஊசியும்

பெரியப்பா பிள்ளையார்பாளையத்துல நாற்பது வருஷமா குழித்தறியில உட்கார்ந்து பட்டு நெய்தவர். இருமல் நிக்கலைன்னு சிடி ஸ்கேன் எடுத்ததுல வலது நுரையீரல்ல ஒரு நிழல். டாக்டர் பயாப்ஸி எழுதிட்டார். இவரோ கையெழுத்துப் போட மாட்டேங்கறார். "ஊசி குத்தினா கட்டி உடம்பெல்லாம் பரவிடும்டா."

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன் :-)

வெளியிலிருந்து நுரையீரலுக்குள் ஊசி விட்ட முதல் ஆள்னு ஜெர்மனியின் லெய்டனைச் சொல்கிறார்கள். வருஷம் 1883. அவர் தேடியது புற்றை இல்லை, நிமோனியா கிருமியை. எக்ஸ்ரே வந்ததே 1895ல்தான். அதனால் விரலால் தட்டி, காதால் கேட்டு, நிஜமாவே குத்துமதிப்பா குத்தினாங்க. அப்புறம் 1930ல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் ரெண்டு பேரும் கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் முறையை எழுதினாங்க. பரவிடும்னு பயந்து அப்போ எதிர்த்தவங்கள்ல சர்ஜன்களும் உண்டு. ஆக பெரியப்பா தனி ஆள் இல்லை! ஊசித்தடத்தில் புற்று பரவுவது இருக்கு, ஆனா மிக அரிது.

1968ல் நம்ம ஊர் அண்ணா ஆபரேஷனுக்குப் போனதும் அதே ஆஸ்பத்திரிதான். இதைச் சொன்னா மனுஷன் மடங்கிடுவார்னு நினைச்சேன்.

"போய்? அஞ்சே மாசத்துல போய்ச் சேர்ந்துட்டாரே."

அது உணவுக்குழாய்ப் புற்று, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

உண்மையான ஆபத்து வேற. ஊசி போட்ட ஓட்டை வழியா காத்து கசிஞ்சு, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவுல தேங்கி, நுரையீரல் சுருங்கிப்போகும். 1976 வாக்கில் சிடி பார்த்துக் குத்தும் வசதி வந்தும் இது ஒழியலை. அமெரிக்காவில் 2011ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 15,800 பேரில் நூற்றுக்கு 15 பேருக்கு இப்படி ஆச்சு. குழாய் போட்டுக் காத்தை வெளியேற்ற வேண்டி வந்தது நூற்றுக்கு 6, 7 பேருக்கு. ரத்தக்கசிவு நூற்றில் ஒருத்தருக்கு. ரத்தக்குழாயில் காத்து புகுந்தா உயிருக்கே ஆபத்து. ஆனா அது ரொம்ப அபூர்வம். புகையால் நுரையீரல் கெட்டவங்களுக்கு ஆபத்து கூட. பெரியப்பா கட்டுப்பீடி ஆசாமி. இதையும் மறைக்காமச் சொன்னேன்.

"அந்தப் பதினஞ்சுல நான் இருந்தா?"

"குழாய் போடுவாங்க. ரெண்டு மூணு நாள் ஆஸ்பத்திரில இருக்கணும்."

"குத்தாமலே விட்டா?"

அது டிபியா, புற்றான்னு தெரியாமலே மருந்து கொடுக்கணும்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கண்ணாடியைக் கேட்டார். பாரத்தை ரெண்டு தடவை படிச்சிட்டு, இனிஷியலோட முழுப்பேரையும் எழுதினார்.

வியாழக்கிழமை காலையில ஊசி. ரத்தம் உறையாம இருக்க அவர் சாப்பிடற மாத்திரையை டாக்டர் நேத்தே நிறுத்தச் சொல்லிட்டார். நான் லீவு போட்டிருக்கேன்.